பூட்டாத உப்பு

"இவர் எங்கயோ உப்பு சாப்பிடுறார்மா" என்றார் டாக்டர். என்னிடம் சொல்லவில்லை. எதிரில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி, பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவியிடம் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் பர்ஸ் அடித்தவன் என்று கையைப் பிடித்து எழுப்பியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். உப்பைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறது. நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. என்னைப் போய்!

"டாக்டர், நான் ஒரு கல்லு உப்பு வாயில வச்சதில்ல" என்றேன்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்தார். "ஆஸ்பத்திரியில ஒரு வாரம் இருந்தப்ப கால் வீக்கம் வடிஞ்சுது. வீட்டுக்குப் போனதும் ஏறுது. அப்ப வீட்டுல ஏதோ நடக்குதுன்னுதானே அர்த்தம்?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. என்னை இதற்கு முன் பார்த்தே இராத ஆள் போலப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களுடையது சலவைக் கடை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்தது. துவைப்பதும் கறை எடுப்பதும் என் பொறுப்பு, இஸ்திரி அவளுடையது. இந்த வருட ஆரம்பத்தில் ஒரு நாள் ஈரப் போர்வையைத் தூக்கும்போது மூச்சு முட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதயம் தளர்ந்துபோய்விட்டது, இறைக்க வேண்டிய அளவுக்கு ரத்தத்தை இறைப்பதில்லை, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார்கள். உப்பு கூடவே கூடாது. தண்ணீர் நாளுக்கு ஒன்றரை லிட்டர், அதற்கு மேல் ஒரு மடக்கு கிடையாது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும்.

எடை பார்த்து முடித்ததும் என் மனைவி என் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். விரலை எடுத்ததும் சதை பழையபடி எழும்பினால் நல்லது. குழி விழுந்து அப்படியே நின்றால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இதை அவளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து பல் தேய்க்கிறாளோ இல்லையோ, என் காலை அழுத்தாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

நான் உப்பை விட்ட அன்றே அவளும் விட்டாள். "உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்றாள். ஒரே பாத்திரத்தில் சமைத்து, ஒரே சப்பில்லாத சோற்றை இரண்டு பேரும் தின்றோம். முதல் சில மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கால் வற்றியது. மாடிப்படி ஏறினேன். கடையில் கல்லா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு, தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னர் மெஷின் வந்தது.

எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தண்ணீரே இல்லை, கரைத்த சுண்ணாம்பு. கெட்டிலின் அடியில் ஓடு ஓடாகப் படியும். ஷவரில் பாதித் துளை அடைத்திருக்கும். சோப்பைப் போட்டுத் தேய்த்தால் நுரை வராது, அழுக்கு மாதிரி ஏதோ திரியும். மாத்திரைகளால் எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு வேறு. குளித்துவிட்டு வந்தால் சொரிந்து சொரிந்து தோல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

கடையில் சாஃப்ட்னர் போட்டுப் பல வருடமாகிறது. அது இல்லாமல் எங்கள் தொழில் நடக்காது. சுண்ணாம்புத் தண்ணீரில் வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் நாலாவது தடவை அது சாக்குப்பை ஆகிவிடும். "துணிக்குக் குடுக்குற மரியாதைய உங்க உடம்புக்கும் குடுப்போம்" என்று சொல்லி, மனைவியே மெஷினுக்கு ஏற்பாடு செய்தாள்.

பொருத்த வந்தவன் எங்கள் பழைய பிளம்பர். பேர் என்னவோ, ஊரெல்லாம் அவனைக் குறடு என்றுதான் கூப்பிடும். ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவான். குளியலறைக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு நீல உருளையை நிறுத்தினான். பக்கத்தில் மூடி போட்ட உப்புத் தொட்டி. குழாய்களை இணைக்கும்போது, "சமையல்கட்டுக் குழாய மட்டும் பழைய லைன்லயே விட்டுடவாண்ணே?" என்று கேட்டான்.

"எதுக்கு?" என்றாள் மனைவி. "கெட்டில் அடியில படியுற சுண்ணாம்பெல்லாம் இவர் வயித்துக்குள்ள போகணுமா?"

"சிலர் அப்படி விடச் சொல்லுவாங்கக்கா."

"கடையில எல்லாக் குழாயும் அதுலதாம்பா ஓடுது" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "எங்களுக்குத் தெரியாததா?"

குறடு தோளைக் குலுக்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து இணைத்துவிட்டுப் போனான்.

முதல் நாள் குளித்தபோது எனக்குப் பயமே வந்துவிட்டது. சோப்பு போகவே மாட்டேன் என்றது. ஊற்ற ஊற்ற உடம்பு வழவழவென்று வழுக்குகிறது. கழுவி முடித்துவிட்டேன் என்று துண்டை எடுத்தால் இன்னும் வழுவழுப்பு. மறுபடியும் ஊற்றினேன். கதவை அவள் தட்டு தட்டென்று தட்டினாள். "உள்ள என்ன பண்றீங்க? டேங்க்கே காலியாகப் போகுது."

"சோப்பு போக மாட்டேங்குது."

"சோப்பு எப்பவோ போயிடுச்சு. அது உங்க தோலு" என்றாள்.

அப்புறம் பழகிவிட்டது. அரிப்பு நின்றது. குழாய்கள் கண்ணாடியாகப் பளபளத்தன. டம்ளரைத் துடைக்க வேண்டியதே இல்லை. அவள் கெட்டிலைக் கவிழ்த்து அடியைத் தடவித் தடவிப் பார்ப்பாள், வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுவாள். வாரத்தில் இரண்டு தடவை மெஷின் கொடகொடவென்று தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். உப்பு குறைந்தால் தொட்டியில் மூட்டையைப் பிரித்துக் கொட்ட வேண்டும். அது பொடி உப்பு அல்ல, மாத்திரை மாதிரி அமுக்கிய வெள்ளை வில்லைகள். கடைக்கு வாங்கும்போதே வீட்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுவோம். எங்களைப் பொறுத்தவரை அது சோப்புத்தூள் மாதிரி, நீலம் மாதிரி, கடைச் சாமான். அதை யாரும் உப்பு என்று நினைப்பதில்லை.

சில வாரத்தில் எனக்குச் செருப்பு நுழையவில்லை. அப்புறம் படுத்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்து ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த சில நாளிலேயே பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அப்போதுதான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராகச் சமையலறைக்குள் போனாள். விருந்தாளிக்கென்று வைத்திருந்த உப்பு ஜாடி, வெண்ணெய், பிஸ்கட், சூப் பொட்டலம், டின்னில் அடைத்த மீன் என்று ஒன்று விடாமல் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை ஊக்கில் கோர்த்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். திருடன் வந்து அந்த அலமாரியை உடைத்தால் நகைக்குப் பதில் அவனுக்குச் சூப்புதான் கிடைக்கும்.

"நான் யாருன்னு நெனச்சுக்கிட்ட?" என்று கத்தினேன். "நானும் சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன்தான்."

"அதத்தான் டாக்டரும் சொல்றாங்க" என்றாள் அவள்.

 

சட்டைப் பையைத் துழாவினாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் போய், நான் எதையாவது வாங்கினேனா என்று விசாரித்துவிட்டு வந்தாள். அந்த மனுஷன் மறுநாள் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். எனக்கு மானம் போய்விட்டது. மகள் வந்தாள். அவள் கல்யாணமாகி நகரத்தின் அடுத்த கோடியில் இருக்கிறாள், வங்கியில் வேலை. அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

"அப்பா, உண்மையச் சொல்லிடுங்கப்பா. நாங்க என்ன உங்கள அடிக்கவா போறோம்?" என்றாள்.

"சத்தியமா இல்லடா."

"சத்தியம் வேற பண்றாரு பாரு" என்று உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் எதுவுமே சரியில்லாத காலத்திலும் என் மனைவி என் பேச்சை நம்பினாள். கடை ஓடாது என்று ஊரே சொன்னபோது, ஓடும் என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது என் வார்த்தை செல்லாக்காசு. காலையில் காலை அழுத்தும் விரலில்கூட ஒரு கோபம் இருந்தது.

அடுத்த தடவை டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு வாரம் இவரக் கண்ண விட்டு அகலாமப் பாருங்கம்மா. உப்பு நின்னா எடை இறங்கும். அப்படி இறங்கலன்னா, உப்பு காரணம் இல்ல, இதயம் இன்னும் மோசமாயிடுச்சுன்னு அர்த்தம். அப்ப திங்கக்கிழமை இங்க தங்குற மாதிரி பையோட வாங்க. அதுக்கப்புறம் மாத்திரையால மட்டும் ஆகாது."

"அதுக்கப்புறம் என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் பரிசோதனைத் தாளை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல இந்த வாரத்தப் பார்ப்போம்" என்றார்.

 ஆனால் மனைவி முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது. கண்ணை விட்டு அகலாமல் பார்ப்பது அவளால் முடியும்.

கடைக் கதவில் விடுமுறை என்று அட்டை தொங்கியது. வாடிக்கையாளர்களின் சட்டைகளை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் மேசை போட்டு இஸ்திரி செய்ய ஆரம்பித்தாள். நான் சோபாவில் கைதி. அவள் காவல். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பாள். சமைக்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைப்பாள். என் தட்டில் என்ன போடுகிறாளோ அதையே அவளும் போட்டுக்கொள்வாள்.

என் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தாள். மதியத்துக்கு இது, சாயங்காலத்துக்கு இது. நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவளுக்கோ இஸ்திரிச் சூட்டில் வேர்த்து ஊற்றும். மேசைக்கடியில் ஒரு பெரிய கூஜா வைத்திருந்தாள். கடையிலும் அதே கூஜாதான், வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போவாள். இரண்டு சட்டைக்கு ஒரு தடவை அதை எடுத்து அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கொஞ்சம் திரும்பி நின்னு குடிச்சா என்ன?" என்பேன்.

"தாகம் அடங்க மாட்டேங்குதுங்க. உங்களக் காவல் காத்தே எனக்கு மண்டையப் பிளக்குது" என்பாள். தைலத்தை நெற்றியில் பூசிக்கொள்வாள். நாள் முழுக்க நின்று நின்று செருப்பின் வார் கடிக்கிறது என்று, அதை மடித்துப் போட்டு மிதித்துக்கொண்டு நடந்தாள். சரியான பிடிவாதக்காரி, என்னைத் திருடனாக்காமல் உட்கார மாட்டாள் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஆனால் எனக்கும் உள்ளூர ஒரு குஷி இருந்தது. இந்த வாரம் முடியட்டும், என் யோக்கியதை தெரியும், அவள் வாயால் மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடப்போவதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் எடை மெஷினில் ஏறி நின்றேன். அவள் குனிந்து பார்த்தாள். என்னை இறங்கச் சொல்லி, மெஷினைத் தட்டிவிட்டு, மறுபடியும் ஏறச் சொன்னாள். அதே எண்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதை, நாளைக்கு இறங்கிவிடும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தோம்; இப்போது வார ஆரம்பத்தில் இருந்ததைவிட இரண்டரைக் கிலோ கூட. காலை அழுத்தினாள். அவள் விரல் எடுத்த பிறகு விழுந்த குழியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது எழும்பவில்லை.

அவள் குளியலறை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தியா? நான் திருடல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதியில்தான் எனக்கு உறைத்தது. நான் திருடவில்லை என்றால் டாக்டர் சொன்ன இரண்டாவது காரணம்தான் மிச்சம். திருடனாக இருந்தால் பிழைப்பேன். யோக்கியனாக இருந்தால் போய்ச் சேர வேண்டியதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்கு அது எனக்கு முன்பே புரிந்துவிட்டிருந்தது. என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள். "எங்கயாவது ஒரு சிட்டிகை எடுத்து வாயில போட்டேன்னு சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தின்னேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

என் வாழ்க்கையில் அவள் என்னிடம் கெஞ்சிப் பார்த்ததில்லை. அத்தனை நாளாக என்னைத் திருடன் என்று அவள் விரட்டியது கோபத்தால் இல்லை, பயத்தால் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் திருடனாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆமா" என்றேன். "தின்னேன்."

"எங்க?" என்று நிமிர்ந்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

இது ஒரு சங்கடம். ஒரு வாரமாக நிழல் மாதிரி கூடவே இருந்தவளிடம் எங்கே என்று சொல்வது? அலமாரி சாவி அவள் இடுப்பில். கண்ணைச் சுழற்றினேன். எதிரே நீல உருளை நின்றது, பக்கத்தில் சுவரோரம் மூட்டை.

"குளிக்க வர்றப்ப... அந்த மெஷின் உப்பு இருக்குல்ல. அதுல ஒரு வில்லைய எடுத்து வாயில அடக்கிக்குவேன்."

அவள் நம்பிவிட்டாள். "அடப்பாவி மனுஷா" என்று சிரித்தாள், அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதப் போய் யாராவது திம்பாங்களா? இதப் பூட்டி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க." எழுந்து, மூட்டையை வெளியே இழுத்துப்போகக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இது பிரிக்கவே இல்லையே" என்றாள். "தைச்ச நூல் அப்படியே இருக்கு."

"தொட்டியிலேர்ந்து எடுத்தேன்" என்று சமாளித்தேன்.

தொட்டியின் மூடியைத் தூக்கினாள். அடியில் கொஞ்சம் ஈரமும் கரைந்து உருவம் போன நாலைந்து வில்லைகளும் கிடந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த மாச ஆரம்பத்துலதான் ஒரு முழு மூட்டையக் கொட்டினேன். இருபத்தஞ்சு கிலோ. அவ்வளவையுமா தின்னீங்க?"

பொய் பல்லிளித்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க எதையும் தின்னல" என்றாள் அவள்.  மூடியைக் கையில் பிடித்தபடி, என்ன பேசுகிறோம் என்ற நினைவே இல்லாதவள் போல, "அப்ப இத்தன உப்பும் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மனப்பாடம். கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், துணி ஏன் இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். பேச்சை மாற்றினால் போதும் என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

"பாதி, மெஷின் தன்னக் கழுவுறப்ப கழிவோட ஓடிடும்."

"மீதிப் பாதி?"

"உருளைக்குள்ள சின்னச் சின்ன மணி இருக்குல்ல, அது தண்ணியில இருக்கிற சுண்ணாம்ப வாங்கி வச்சுக்கும். அதுக்குப் பதிலா தன்கிட்ட ஏத்தி வச்சிருக்கிற உப்புச் சத்த தண்ணிக்குக் குடுத்து..."

 என் வாயிலிருந்து வந்ததை என் காதே அப்போதுதான் கேட்டது. பேயறைந்தது மாதிரி நின்றேன். அவளும் நின்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினோம். அங்கே குழாய் பளபளவென்று நின்றது.

சட்டையும் போர்வையும் தண்ணீர் குடிப்பதில்லை. கடையில் எல்லாக் குழாயும் சாஃப்ட்னரில் ஓடினாலும் அங்கே நாங்கள் ஒரு வாய் குடித்ததில்லை, குடிதண்ணீர் எப்போதும் வீட்டிலிருந்து கூஜாவில் போகும். அந்த வீட்டுத் தண்ணீரையே இப்போது அந்த மெஷினுக்குள் விட்டு எடுத்திருக்கிறோம். என் டீ, என் சோறு, வேகவைத்த காய், கோடு போட்ட பாட்டில், எல்லாம் அதில்தான்.

அவள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்தாள். "கரிக்கவே இல்லையே" என்றாள்.

"கரிக்காது. டாக்டர் சோடியம் சோடியம்னு சொல்வாங்களே, அந்த ஒரு சத்து மட்டும்தான் ஏறும்."

போனைப் போட்டேன். டாக்டர் எடுத்ததும் விஷயத்தைச் சொன்னேன். 

"குடிக்கிறதும் அதுலயா?" என்றார்.

"சமைக்கிறதும் அதுலதான் டாக்டர்."

"யாரு அப்படி கனெக்ஷன் குடுக்கச் சொன்னது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "நாங்கதான்" என்றேன்.

"உங்க தண்ணியில சுண்ணாம்பு எவ்வளவுக்கு இருக்கோ அவ்வளவுக்கு இது ஏறும். உங்க வீட்டுத் தண்ணி நீங்க சொல்ற மாதிரின்னா நெறையவே ஏறியிருக்கும். இந்த நிமிஷமே நிறுத்துங்க. பாட்டில் தண்ணி வாங்கிக் குடிங்க. திங்கக்கிழமை பையோடவே வாங்க, பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும். ஆனா..." என்று நிறுத்தினார். "இது நல்ல சேதி. உங்க இதயத்த நான் தப்பா நெனச்சுட்டேன்."

போனை வைத்தேன். மனைவி உருளைக்குப் பின்னால் கைவிட்டு, மெஷினை விலக்கிப் பழைய தண்ணீரைத் திருப்பிவிடும் கைப்பிடியைத் திருகினாள். இனி மறுபடியும் கெட்டிலில் ஓடு படியும், எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அவ்வளவு ஆனந்தமாக இருந்தது எனக்கு. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"பூட்டு போட்டேன்" என்றாள். "இத்துனூண்டு ஜாடிக்கு. மூட்டை மூட்டையா நானே கரைச்சு உங்களுக்கு ஊத்தியிருக்கேன்."

"விடு. அதான் தெரிஞ்சுபோச்சே."

பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேனே தவிர, மன்னிப்பு இப்போது வரும், இதோ வரும் என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள்.

"திருடல, சரி" என்றாள். "ஆனா பொய் சொன்னீங்கல்ல?"

இவளிடம் மன்னிப்பு வாங்குவது இந்த ஜென்மத்தில் நடக்காது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. மேசைக்கடியில் காலையிலேயே நிரப்பி வைத்த கூஜாவை எடுத்து, பழக்கதோஷத்தில் அண்ணாந்தாள்.

நான் பாய்ந்து பிடுங்கினேன். தண்ணீர் இஸ்திரி போட்ட சட்டைகள் மேல் சிந்தியது.

"இதையா குடிக்கிற?"

"எனக்கென்ன?" என்றாள். "எனக்கா இதயம் தளர்ந்துபோச்சு? விக்குதுங்க, குடுங்க."

கூஜா என் கையில் கனத்தது. என் பாட்டில் ஒன்றரை லிட்டர், அதுவும் கோடு போட்டு. இந்தக் கூஜாவுக்கு யார் கோடு போட்டார்கள்?

"ஒரு நாளைக்கு இத எத்தன தடவ நெரப்புவ?"

"யாரு எண்ணினா? வேர்த்துக் கொட்டுது, குடிக்கிறேன். ரெண்டு தடவையோ மூணு தடவையோ." சொல்லிக்கொண்டே நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் அந்தக் கை என் கண்ணில் பட்டது. இந்தக் கொஞ்ச நாளாக அது எப்போதும் நெற்றியில்தான் இருந்திருக்கிறது.

"உக்காரு" என்றேன்.

"சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு..."

"உக்காருன்னு சொல்றேன்ல."

என் குரலைக் கேட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். நான் கீழே உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்தேன். மடித்து மிதித்த செருப்பைக் கழற்றினேன். பாதத்தில் வார் இருந்த இடம் பள்ளமாகத் தடம் போட்டிருந்தது. நாங்கள் எல்லோரும், இவள், மகள், டாக்டர், நான், மாதக்கணக்கில் ஒரே ஒரு ஜோடிக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"என்னங்க பண்றீங்க, கூசுது" என்றாள்.

கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, தினமும் அவள் எனக்குச் செய்வது போலவே அழுத்தினேன். விரலை எடுத்தேன். குழி இருந்தது. அவளும் குனிந்து பார்த்தாள். அது எழும்பட்டும் என்று காத்திருந்தோம். வெளியே யாரோ கடை எப்போது திறக்கும் என்று கேட்டுக் கதவைத் தட்டினார்கள். இரண்டு பேரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது எழும்பவில்லை.

"அது நின்னு நின்னு வேலை செய்யிறதால" என்றாள் மெதுவாக.

நான் போனை எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அழுத்திவிட்டு, மூன்றாவது தடவைதான் சரியாகப் போட முடிந்தது.

"இப்ப என்ன?" என்றார் டாக்டர். "அதான் நல்ல சேதின்னு சொன்னேனே. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கில்ல டாக்டர்" என்றேன்.